தாம்பாளத்தில் வந்த லேப்டாப்

ஏனுங்க தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவரு போனை எட்டிப் பாக்கறது மொறையில்லதான். ஆனா வெள்ளகோவில்ல ஏறுனதுல இருந்து நீங்களும் அந்த ஒரே லேப்டாப்பைத்தான் மேல தள்ளறீங்க, கீழ தள்ளறீங்க, மூடறீங்க, மறுக்காத் தொறக்கறீங்க. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலீங்க. போன்லயே வாங்கறதா, கடைக்குப் போய் வாங்கறதாங்கறதுதான உங்க கொழப்பம்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கொஞ்ச நாள் முன்ன எனக்கும் இதே மூஞ்சிதானுங்க.

எம்பேரு நாச்சிமுத்துங்க. தேங்காப் பருப்புக் களம் வெச்சிருக்கறன். தேங்காய ஒடச்சு வெயில்ல காயப்போட்டு எண்ண மில்லுக்கு அனுப்பற சோலி. காயக் கைல எடுத்து ஒரு தட்டுத் தட்டுனா, உள்ள நல்லதா அழுகலான்னு சத்தத்துலயே சொல்லிருவன். அதனால எனக்குன்னு ஒரு கொள்கை உண்டுங்க. எதையும் தொட்டுப் பாக்காம, நேர்ல பாக்காம வாங்கப்படாது. செருப்பாகட்டும், சீமாறாகட்டும். பொண்ணு பாக்கப் போனப்பக்கூட போட்டோவெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு நேர்ல ரெண்டு தடவ போய்ப் பாத்துட்டுத்தான் சரின்னன். அதா, முன்னால ஜன்னலோரமா பச்சச் சேல கட்டி உக்காந்திருக்குது பாருங்க, அதுதான் அந்தப் பொண்ணு. என்ற ஊட்டுக்காரி. பேரு கலாமணி. நான் பேர் சொல்லிக் கூப்புடறதில்லீங்க. "இந்தா"ன்னாத் திரும்புவா. கலியாணம் ஆனதுல இருந்து அப்படியே பழகிப்போச்சு.

மெதுவாப் பேசச் சொல்றீங்களா? அவளுக்குக் கேக்காதுங்க. கேட்டாலும் கேக்காத மாதிரி இருந்துக்குவா.

எங்களுக்கு ஒரே புள்ளைங்க, பிரகதி. நல்ல மார்க்கு வாங்குச்சு, சென்னையில காலேஜு கெடச்சுது. கம்ப்யூட்டர் படிப்பு. வாரப்பவே லேப்டாப்போட வந்துரோணும்னு காலேஜுல சொல்லிப்போட்டாங்க. வாங்குனாப் போச்சு, இதுல என்ன இருக்குதுன்னுதான் நானும் நெனச்சன். அன்னிக்குப் பொழுதோட சோத்துல கை வெச்சிருக்கறன், புள்ள மெதுவா ஆரம்பிக்குது. "அப்பா, காங்கேயத்துல மாமன் கடை இருக்குதுல்லங்க"ங்குது. நான் அப்படியே எந்திரிச்சுட்டன். ரசஞ் சோறு பாக்கி இருந்துது, அதக்கூட உங்கல.

மாமன் ஆருன்னு கேக்கறீங்களா? என்ற மச்சினன் பூபதிங்க. கலாமணிக்குத் தம்பி. காங்கேயத்துல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கறான். எனக்கு அவன் மேல கோவமெல்லாம் கெடையாதுங்க. பேசறதில்ல, அவ்வளவுதான். மூணு வருசமா.

நீங்களே நியாயம் சொல்லுங்க. கடை தெறக்கறான். அவனுக்கு நான் ஒரே அக்கா ஊட்டுக்காரன். ஒறம்பரைய, சொந்தபந்தத்த எப்படி அழைக்கோணும்? ஊட்டுக்கு வந்து, தாம்பாளத்துல வெத்தல பாக்கு, பழம், பூவு வெச்சு, ரெண்டு கையால நீட்டி, "மச்சான், நீங்க வந்து முன்ன நின்னு நடத்தித் தரோணும்"னு கூப்புடோணும். அதுதான மொற? இவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? வாட்ஸ்அப்ல அனுப்பறானுங்க! களத்துல நிக்கறன், பாக்கெட்டுல டொய்ங்னு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தா ஒரு படம், பனி மூடுன மாதிரி மங்கலா, நடுவுல கீழ பாத்த அம்புக்குறி. அத அமுக்குனாத்தான் பத்திரிக தெறக்குமாம். அதுக்குக் கீழ "மச்சான் அவசியம் வரணும்"னு எழுதி, ரெண்டு கும்பிடு. கை பொம்மைங்க தம்பி! பொம்மை கும்பிட்டா நாம போயிருவமா? நான் அந்த அம்புக்குறிய அமுக்கவே இல்ல. கடைக்கு என்ன பேரு வெச்சான்னுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பேச்ச எடுத்தா நான் எந்திரிச்சுப் போயிருவன்னு எல்லாத்துக்கும் தெரியும், அதனால ஆரும் எங்கிட்டச் சொல்றதுமில்ல.

கால்ல கட்டாம். கடைக்கு டைல்ஸ் எறக்கறப்பக் கால் மேல உழுந்து எலும்பு விட்டுப்போச்சாம், கட்டில்லயே கெடந்தானாம். சரிங்க, நான் இல்லைங்கல. கட்டு கால்லதான, வாய்லயா? ஒரு போன் போட்டுப் பேசக்கூடாதா?

போன் போட்டானுங்க. நாலஞ்சு தடவ போட்டான். நான் எடுக்கல. வாட்ஸ்அப்ல கூப்புடறவன் போனை எதுக்குங்க எடுக்கறது?

அதோட சரி. இதே பஸ்ஸுலதான் திருப்பூருக்குப் போவோம். காங்கேயம் ஸ்டேண்டுக்கு முந்துன ஸ்டாப்புல, இடதுகைப் பக்கம் அவன் கடைன்னு சொல்வாங்க. நான் எப்பவும் வலதுகைப் பக்கம் உக்காந்துக்குவன். அந்த எடம் வந்தா எதுக்கால இருக்கற டயர் கடையப் பாத்துக்குவன். அந்தக் கடைக்காரனுக்கே தெரியாது அவங்கட்ட என்னென்ன டயர் இருக்குதுன்னு, எனக்குத் தெரியும். கலாமணி மட்டும் இடது பக்கம் ஜன்னலோரம் உக்காந்துக்குவா. லேடீஸ் சீட்டு அந்தப் பக்கந்தானுங்களே, அதனால.

அவளுக்கு ஒரு வெசனமும் இல்லீங்க. அவ என்ற பக்கம். இந்த மூணு வருசத்துல ஒரு தடவயாவது தம்பி பேச்ச எடுத்திருப்பாளா? எடுத்ததில்ல. நோம்பி, தீபாவளின்னு வந்தா முறுக்குச் சுடுவா. சுட்டதுல ஒரு தூக்குப்போசி நெறைய எடுத்துத் தனியா, மேல அலமாரில வெச்சிருவா. அது ஆருக்குன்னு நான் கேக்கறதில்ல. கொஞ்ச நாள் கழிச்சு நமுத்துப் போனப்பறம் அதையும் எனக்கே போடுவா. நானும் திம்பன். பூபதியத் தூக்கி வளத்தவளே அவதானுங்க, ஆத்தா சின்னதுலயே தவறிட்டாங்க. ஆனாலும் பாருங்க, எனக்காக ஒரு வார்த்த பேசல. அந்த மாதிரிப் பொம்பள கெடைக்கோணும்.

சரி, லேப்டாப்புக்கு வாரன். பூபதி கடை வேண்டாம்னுட்டன். ஊருலகத்துல வேற கடையா இல்ல? புள்ளைய ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனன். பெரிய கடைங்க. உள்ள காலு வெச்சாக் குளுகுளுன்னு இருக்குது. வரிசையாத் தொறந்து வெச்சிருக்கறான். நான் ஒவ்வொண்ணா எடுத்து, கவுத்து, முதுகுல ஒரு தட்டுத் தட்டிக் காதுல வெச்சுப் பாத்தன். விக்கற பையன் ஓடியாந்தான். "சார், சார், தட்டாதீங்க சார்"ங்கறான். "தட்டாம எப்படிப்பா நல்லது கெட்டது தெரியும்?"ங்கறன். பிரகதி என்னை ஆருன்னே தெரியாத மாதிரி அக்கட்ட போய் ஃப்ரிட்ஜு பாத்துட்டு நின்னுக்குச்சு.

கடைசில ஒண்ணு புடிச்சுதுங்க. கனமாவும் இல்ல, தட்டுனாச் சத்தமும் நல்லாருந்துது. "ரிப்பேரு ஆனா என்னப்பா பண்றது?"ன்னன். "சாருக்கு எந்த ஊருங்க?"ன்னான். "வெள்ளகோவில் பக்கம்"ன்னன். அந்தப் பையன் மூஞ்சி அப்படியே மலந்து போச்சுங்க. "அப்பக் கவலையே வேண்டாம் சார்! காங்கேயத்துல பூபதி அண்ணன் இருக்கறாரு. அந்தப் பக்கத்துக்கெல்லாம் சர்வீஸு அவருதான் பாக்கறாரு. தங்கமான மனுசன் சார்"ங்கறான். லேப்டாப்பை மெதுவாக் கீழ வெச்சுட்டு வெளிய வந்துட்டன்.

அப்பறம் திருப்பூரு. அங்க கடை மொதலாளியே கல்லாவுல உக்காந்திருந்தாரு. என்னை உத்து உத்துப் பாத்தாரு. "நீங்க பூபதியோட மச்சான்தானுங்களே? உங்க போட்டோவ அவன் கடையில பாத்திருக்கறன்"னு எந்திரிச்சு வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. காப்பி வரவெச்சுட்டாரு. நான் காப்பியக் குடிச்சுட்டு, "அப்பறம் வாரனுங்க"ன்னு வந்துட்டன். குடிக்காம வந்தா மருவாதியா இருக்காதுல்ல.

என்ற போட்டோவ அவன் எதுக்குக் கடையில வெச்சிருக்கறான்? எங்கிட்டக் கேட்டு வெச்சானா? அதுலயும் ஒரு மொற இல்ல பாருங்க.

அப்பத்தானுங்க எனக்கு ஒரு ரோசன வந்துது. ஆன்லைன்! போன்ல வாங்குனா ஆரு மூஞ்சிலயும் முழிக்க வேண்டாம். எங்கியோ பெங்களூர்ல இருந்து வரும், முன்னப் பின்னத் தெரியாத ஆளு கொண்டாந்து குடுப்பான், சோலி முடிஞ்சுது. ஊட்டுக்கு வந்ததும் சொல்லிட்டன், "லேப்டாப்பு ஆன்லைன்லதான்"னு. புள்ள இடுப்புல கை வெச்சுட்டு நிக்குது. "தொட்டுப் பாக்காம எதையும் வாங்கப்படாதுன்னு சொன்னது ஆருங்கப்பா?"ங்குது. "காலம் மாறிப்போச்சு கண்ணு"ன்னன். "அப்படிங்களா? அப்ப மாமன் வாட்ஸ்அப்ல கூப்புட்டதும் காலம் மாறுனதாலதானுங்களே?"ங்குது.

எப்படி மடக்குது பாத்தீங்களா? நான் உடுவனா? "அது வேற, இது வேற. பொருளு போன்ல வரலாம், மருவாதி போன்ல வரப்படாது"ன்னன். நல்லாச் சொன்னன்ல? எனக்கே நெம்பப் புடிச்சுப் போச்சு. உள்ள கலாமணி ஏதோ பாத்திரத்த டமார்னு வெச்சா. கை தவறிருச்சாட்ட இருக்குது.

புள்ள அதோட உடலீங்க. களத்துக்கு எனக்குச் சோறு கொண்டாந்துச்சு, பக்கத்துல உக்காந்துக்கிச்சு. "அப்பா, மொத தடவ ஊர உட்டுப் போறன். மாமனைப் பாக்காமயே போகட்டுங்களா?"ங்குது. நான் சோத்தப் பெசஞ்சுட்டு இருந்தன். "சரி, என்னை விடுங்க. நான் ஹாஸ்டலுக்குப் போயிட்டா அம்மா ஆரு கூடங்கப்பா பேசுவாங்க?"ங்குது. "ஏன், நான் இல்லையா?"ன்னன். என்னையே பாத்துட்டு இருந்துது. சின்னப் புள்ளதான, அதுக்கென்ன தெரியும். ஆனா அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க.

அப்பறம் ரெண்டு நாளா ஆத்தாளும் மவளும் சமையக்கட்டுல குசுகுசுன்னு ஒரே பேச்சு. நான் தண்ணி குடிக்கப் போனா டக்குனு நிறுத்திக்குவாங்க. அப்பனுக்குச் செலவு வைக்கறமேன்னு சங்கட்டப்பட்டிருப்பாங்க. மறுநா காலையில கலாமணியே வந்து சொல்றா, "நீங்க சொல்றதுதான் சரிங்க. ஆன்லைன்லயே வாங்கிரலாம்"னு. பாத்தீங்களா? பொறுமையா எடுத்துச் சொன்னாப் பொம்பளைக கேட்டுக்குவாங்க.

என்ற போன்லதான் போட்டோம். ஒரே லேப்டாப்பை எத்தனையோ பேரு விக்கறாங்களாம். பிரகதி இவங்க வேண்டாம், இவங்க வேண்டாம்னு தள்ளிட்டே போய்க் கடைசில ஒரு ஆளப் புடிச்சு நிறுத்துச்சு. "இவங்க நெம்ப நம்பிக்கையானவங்கப்பா"ன்னுச்சு. பேரு பொடி எழுத்துல போட்டிருந்துது. கண்ணாடி இல்லாம எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. "பேரு என்ன கண்ணு?"ன்னன். "பேரப் பாத்தா வாங்கறோம்? எத்தன பேரு நல்லாருக்குதுன்னு எழுதியிருக்கறாங்க பாருங்க"ன்னுச்சு. நியாயந்தானுங்களே. "அமுக்கு"ன்னன். அமுக்கிப்போட்டுப் புள்ள ஓடிப்போய் அவங்கம்மாவக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. லேப்டாப்புன்னா இப்பத்தப் புள்ளைகளுக்கு அத்தன ஆசைங்க.

ஞாயித்துக்கெழம கொண்டாருவாங்கன்னு சேதி வந்துது. அன்னிக்குக் காலையில கலாமணி வாசல்ல இத்தாப் பெரிய கோலம் போட்டிருக்கறா. அடுப்புல பாயாசம் கொதிக்குது, வடைக்குப் பருப்பு ஊறுது. "லேப்டாப்புக்கெல்லாமா பாயாசம்?"ன்னன். "புள்ளைக்கு மொத லேப்டாப்புங்க"ன்னா. சரின்னுட்டன். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கம்பெனிக்காரங்களும் கெட்டிக்காரங்க. சரியா நல்ல நேரம் பொறந்ததும் வாசக் கேட்டைத் தட்டற சத்தம் கேட்டுது.

போய்த் தொறந்தா, பூபதி நிக்கறான்.

மூணு வருசத்துல மண்டை பாதி நரச்சுப்போச்சுங்க அவனுக்கு. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை. கைல தாம்பாளம். வெத்தல பாக்கு, வாழப்பழம், மல்லிப்பூ, நடுவுல லேப்டாப்புப் பெட்டி. "ஆர்டர் வந்துதுங்க மச்சான். பக்கத்து ஊருன்னாக் கடைக்காரங்களே நேர்ல கொண்டாந்து குடுத்துக்கலாம்னு ஒரு வசதி இருக்குதுங்க. அதான் நானே வந்துட்டன்"ங்கறான். நான் வாயத் தொறக்கல. நான் மொதல்ல பேசறதில்லைன்னு இருக்கறவன்ல?

அவன் தாம்பாளத்த ஒரு கைக்கு மாத்திக்கிட்டு அவம் போன எடுத்தான். அப்பறம், "ஓடிபி சொல்லுங்க மச்சான். சொன்னாத்தான் பெட்டியக் குடுக்க முடியும்"ங்கறான்.

போன் என்ற சட்டப் பாக்கெட்டுல இருக்குது. "பிரகதி!"ன்னு கூப்புட்டன். "குளிக்கறனுங்கப்பா"ன்னு சத்தம். "இந்தா!"ன்னன். "அடுப்புல பால் வெச்சிருக்கறனுங்க, நகர முடியாது"ங்கறா. ரெண்டு பேருக்கும் ஒட்டுக்காவாங்க சோலி வரும்? என்ன பண்றது, போன எடுத்துக் கண்ண இடுக்கிக்கிட்டு நானே படிச்சன். "அஞ்சு, ரெண்டு, ரெண்டு, ஏழு."

மூணு வருசம் கழிச்சு அவங்கிட்ட நான் பேசுனது அதுதானுங்க.

அவன் அவம் போன்ல குத்துனான். "எடுக்கலீங்க மச்சான், மறுக்காச் சொல்லுங்க"ன்னான். சொன்னன். "தப்புங்குதுங்க மச்சான், இன்னொருக்கா"ன்னான். இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொன்னன். "கடேசியா ஒருக்கா மச்சான்"ங்கறான், கண்ணுல பொலபொலன்னு தண்ணி. வெயிலு மூஞ்சில அடிச்சுதில்ல, அதுனால இருக்கும். அந்த ஆப்பு சரியில்லீங்க தம்பி, ஒரே நம்பர எத்தன தடவ கேக்குது பாருங்க. நீங்களும் சூதானமா இருந்துக்குங்க.

ஆனா ஒண்ணு மனசுல வெச்சுக்குங்க. மொதல்ல பேசுனது அவன்தான்.

ஒரு வழியா நம்பர எடுத்துக்கிச்சு. நான் அவன உட்டுருவனா? "ஏண்டா, இந்தத் தாம்பாளமும் கம்பெனிக்காரங்களே குடுத்துட்டாங்களா?"ன்னன். கேலியாத்தான் கேட்டன். அவன் சிரிக்கல. "இல்லீங்க மச்சான். இது மூணு வருசம் முன்ன கொண்டாந்திருக்கோணும். அப்ப எந்திரிச்சு நடக்க முடியல. நடக்க ஆரம்பிச்சப்பறம் உங்க முன்னால வந்து நிக்கத் தகிரியம் வரல. கடைக்கு வாங்க மச்சான்"னு ரெண்டு கையால நீட்டுனான்.

எனக்குப் பொக்குனு, பாவமா ஆயிப்போச்சுங்க. இன்னும் சித்த இழுத்து இழுத்துத்தான் நடக்கறான். அந்தக் கால்கட்டே சாக்குன்னுதான் நெம்ப நாளா நெனச்சுட்டு இருந்தன். நானும் ரெண்டு கையால வாங்கிக்கிட்டன். வாங்காம என்னங்க பண்றது, லேப்டாப்பு அதுலதான இருக்குது.

திரும்பிப் பாக்கறன், அடுப்புல பால் வெச்சவ நடையில வந்து நிக்கறா. ஓடிவந்து தம்பி கையப் புடிச்சா. மொகத்தத் தடவுனா. "எளச்சுப் போயிட்டயேடா சாமி"ன்னு அழுவறா. அவன் தொப்பை போட்டு நல்லா இருக்கறானுங்க தம்பி! எங்க எளச்சான்? குளிச்சுட்டிருந்த புள்ள தலையில ஒரு சொட்டுத் தண்ணியில்லாம வந்து மாமங் காலுல உழுந்துச்சு. அவன் துண்ணூறு பூசி உட்டான். அப்பறம் கலாமணி அலமாரியில இருந்து அந்தத் தூக்குப்போசிய எறக்குனா. அந்தத் தடவ முறுக்கு நமுத்துப் போகலீங்க. எனக்கு ஒண்ணுகூட மிஞ்சல.

அவன் போனப்பறம், இனி பாத்தா என்ன தப்புன்னு அந்தப் பழைய வாட்ஸ்அப்பத் தேடி எடுத்து அம்புக்குறிய அமுக்குனனுங்க. தெறக்கல. நாளாயிருச்சாம், அனுப்புனவரையே மறுக்கா அனுப்பச் சொல்லுங்கன்னு வருது. மறுக்காத்தான் அனுப்பிட்டானேன்னு போன உள்ள வெச்சுட்டன்.

புள்ளையக் கொண்டு போய்ச் சென்னையில உட்டுட்டு வந்தாச்சு. ஊடு வெறிச்சுன்னு கெடக்குது. ஆனா கலாமணி பரவால்லீங்க, தம்பிகிட்ட ஒரு நாளைக்கு ரெண்டு தடவ போன்ல பேசிக்கறா. எங்கிட்டப் பேசாததெல்லாம் அவங்கிட்டப் பேசறா. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்குவன். இவ இத்தன பேசுவாளான்னு எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்குது.

இன்னிக்கு நாளு நல்லாருக்குதுன்னா. அதான் கெளம்பிட்டோம். கடை தெறந்து மூணு வருசம் ஆச்சு, நாங்க இன்னிக்குத்தான் தெறப்பு விழாவுக்குப் போறோம். நானும் இடதுகைப் பக்கமா வந்து உக்காந்துட்டன் பாருங்க, டயர் கடை கோவிச்சுக்கும்.

என்ன விதின்னு பாருங்க தம்பி. எத்தன ஊரு, எத்தன ஆயிரம் கடை, அந்த ஆன்லைன்ல. அத்தனையிலயும் என்ற ஆர்டரு போய் அவங்கிட்டயேதான் உழுகோணுமா? ஒரு புள்ளி தவறியிருந்தா பெங்களூருக்குப் போயிருக்கும். நான் ஒண்ணும் எறங்கிப் போகலீங்க, அதுவா அமஞ்சுது. ஆத்தாளும் மவளும்கூட அன்னிக்கு அப்படியே தெகச்சுப் போயிட்டாங்கன்னா பாத்துக்குங்களேன்.

எதுக்குங்க சிரிக்கறீங்க? இல்ல, நீங்க சிரிச்சீங்க. நான் பாத்தன்.

சரி, உங்க விசயத்துக்கு வாரன். எங்க வாங்கறதுன்னு கேட்டீங்கல்ல? கேக்கலையா? கேக்காட்டியும் சொல்றன். உங்க சொந்தத்துல ஆராவது கோவிச்சுட்டு இருக்கறாங்களா? இல்லீங்களா? அப்ப எங்க வாங்குனாலும் ஒண்ணுதான். விலை கம்மியாப் பாத்து வாங்கிக்குங்க. இருந்தா மட்டும், ஆன்லைன்ல போடுங்க. போடறப்பக் கண்ணாடியக் கழட்டிருங்க.

அட, பேச்சு சுவாரசியத்துல ஸ்டாப்பே வந்துருச்சு. அந்த நீலப் போர்டுதானுங்களா? வாசல்ல வாழ மரம் கட்டியிருக்கறான் பாருங்க, கிறுக்கன்! மூணு வருசத்துக் கடைக்கு வாழ மரம்! தம்பி, நீங்க ஜன்னலோரமா இருக்கறீங்க, அந்தப் போர்டச் சித்தப் படிச்சுச் சொல்லுங்களேன். கண்ணாடிய ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டன்.

என்னங்க?

மறுக்காச் சொல்லுங்க.

கலாமணி கம்ப்யூட்டர்ஸா?

கலாமணின்னா... அது என்ற ஊட்டுக்காரி பேருங்க தம்பி.

அப்ப மூணு வருசமா இவ இந்த ஜன்னல்ல உக்காந்து... ஒவ்வொரு தடவ போறப்பவும்... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே. நான் டயரப் பாத்துட்டு இருந்தனே தம்பி.

இல்லீங்க, ஒண்ணுமில்ல, ஜன்னல்ல தூசி. எறங்கறனுங்க. கண்டக்டரே, சித்த இருங்க, விசிலடிச்சுப் போடாதீங்க, எங்க ஊட்ல எறங்கறாங்க.

கலாமணி! கலாமணி, பாத்து எறங்கு. நான் வாரன், இரு, கையக் குடு.